'பியூர்' என்றால் சுத்தமா?
விதை மூட்டை அட்டையிலிருந்து ஓர் ஆங்கிலச் சொற்பாடம்

நம் மாணவர்கள் சில ஆங்கிலச் சொற்களை வகுப்பறைக்கு வருவதற்கு முன்பே கடைவீதியில் கற்றுவிடுகிறார்கள். அவற்றுள் ஒன்று 'பியூர்'. பியூர் வெஜ், பியூர் நெய், பியூர் காட்டன், பியூர் சில்க் என்று பெயர்ப்பலகைகளும் பொட்டலங்களும் அந்தச் சொல்லை அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்துவிடுகின்றன. பாடத்தில் அது வரும்போது "தெரியும் டீச்சர், சுத்தம்!" என்று வகுப்பே சொல்கிறது. நாமும் அடுத்த சொல்லுக்குப் போய்விடுகிறோம்.

சொந்தமாக வாக்கியம் எழுதச் சொல்லும்போதுதான் சிக்கல் வெளிப்படுகிறது. 'அவர் கிளாஸ்ரூம் இஸ் பியூர்', 'வாஷ் யுவர் ஹேண்ட்ஸ் பியூர்', 'மை மதர் பியூர்ஸ் தி ஹவுஸ்' என்றெல்லாம் எட்டாம் வகுப்பு ஏடுகளில் பார்த்திருக்கிறேன். தஞ்சை மாவட்டத்து அரசுப் பள்ளிகளில் ஆங்கிலம் கற்பித்த அனுபவத்தில் சொல்கிறேன்: இவை கவனக்குறைவால் வரும் பிழைகள் அல்ல. தமிழில் 'சுத்தம்' என்ற ஒரே சொல் செய்யும் வேலையை ஆங்கிலத்தில் பல சொற்கள் பங்கிட்டுக்கொள்கின்றன. அந்தப் பங்கீட்டை நாம் காட்டித்தராதவரை பிழை தொடரும். அதைக் காட்டித்தர நான் பின்பற்றும் வழியை இங்கே பகிர்ந்துகொள்கிறேன்.

ஒரு சொல், பல வேலை

முதலில் 'சுத்தம்' என்ற சொல் வரும் வாக்கியங்களை மாணவர்களிடமே கேட்டு வாங்கிக் கரும்பலகையில் எழுதுகிறேன். ஐந்து நிமிடத்தில் பலகை நிரம்பிவிடும். வீடு சுத்தமாக இருக்கிறது. சுத்தமான பசும்பால். சுத்த சைவம். அவர் கை சுத்தமானவர். நீ சொல்வது சுத்தப் பொய். அவன் சுத்த சோம்பேறி. சுத்தமாக மறந்துவிட்டேன். கணக்கு சுத்தமாகப் புரியவில்லை.

பிறகு ஒவ்வொன்றிலும் 'சுத்தம்' என்ன சொல்கிறது என்று கேட்கிறேன். வீட்டைச் சொல்லும்போது அழுக்கு இல்லை என்கிறோம். பாலைச் சொல்லும்போது வேறு எதுவும் கலக்கவில்லை என்கிறோம். கையைச் சொல்லும்போது நேர்மையைச் சொல்கிறோம். பொய்யிலும் சோம்பலிலும் மறதியிலும் அது 'முழுக்க முழுக்க' என்ற பொருளில் வருகிறது. இவ்வளவையும் மாணவர்களே சொல்லிவிடுகிறார்கள். தங்கள் மொழியில் ஒரு சொல் இத்தனை பொருள் தருகிறது என்பதில் அவர்களுக்கு ஒரு வியப்பும் வருகிறது.

ஆங்கிலத்தில் அழுக்கில்லாமைக்குக் 'கிளீன்'. கலப்பில்லாமைக்குப் 'பியூர்'. கை சுத்தத்துக்கு 'ஆனஸ்ட்'; 'கிளீன் ஹேண்ட்ஸ்' என்ற வழக்கும் உண்டு. சுத்த சோம்பேறிக்கு 'அட்டர்லி லேஸி'. சுத்தமாக மறந்ததற்கு 'ஐ கிளீன் ஃபர்காட்' என்கிறார்கள். இங்கே நம் 'சுத்தமாக' அப்படியே ஆங்கிலத்திலும் வந்து நிற்பதைக் கண்டு பிள்ளைகள் சிரித்துவிடுவார்கள். ஆனால் அங்கேயும் வருவது 'கிளீன்'தான், 'பியூர்' அல்ல.

'தூய்மை' என்ற சொல்லை வைத்துக்கொண்டால் சிக்கல் தீர்ந்துவிடும் என்றும் நினைக்க வேண்டாம். 'தூய்மை இந்தியா' என்பதற்குக் 'கிளீன் இந்தியா' என்பதே ஆங்கிலம். 'தூய்மைப் பணியாளர்' என்பதை ஒரு மாணவர் 'பியூர் ஒர்க்கர்' என்று மொழிபெயர்த்திருந்தார். 'சானிட்டேஷன் ஒர்க்கர்' என்பதே பொருந்தும். ஆகவே தமிழ்ச் சொல்லுக்கு நேராக ஓர் ஆங்கிலச் சொல்லை மனப்பாடம் செய்வதைவிட, ஒரு கேள்வியைக் கற்றுக்கொடுப்பது பயன் தருகிறது. 'எது கலக்கவில்லை?' என்பதே அந்தக் கேள்வி. இதற்கு விடை சொல்ல முடிந்தால் அங்கே 'பியூர்' வரும். 'என்ன அழுக்கு இல்லை?' என்று கேட்கத் தோன்றினால் 'கிளீன்' வரும்.

விதை அட்டை என்னும் பாடநூல்

இந்த வேறுபாட்டை விளக்க நம் டெல்டா மாணவர்களுக்கு மிக அருகில் இருக்கும் கருவி விதை மூட்டையில் தைத்திருக்கும் அட்டை. குறுவைக்கோ சம்பாவுக்கோ விதைநெல் வாங்கும் வீடுகளில் அது கிடைக்கும். ஆடுதுறை 36, ஆடுதுறை 43, சி.ஆர். 1009 என்ற ரகப் பெயர்கள் மாணவர்களுக்குப் பழக்கமானவை. 1922இல் தொடங்கப்பட்ட ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையத்தின் பெயரைத்தான் 'ஆடுதுறை' ரகங்கள் சுமக்கின்றன என்பதைச் சொன்னால், தங்கள் பக்கத்து ஊர் மூட்டையின் மீது அச்சாகியிருப்பதில் அவர்களுக்குப் பெருமை.

அட்டைகளைக் கொண்டுவரச் சொல்லி, குழுவுக்கு ஒன்றாகக் கொடுத்துவிடுகிறேன். முதலில் நிறம். வல்லுநர் விதைக்கு மஞ்சள், ஆதார விதைக்கு வெள்ளை, சான்று விதைக்கு நீலம். அடுத்து அதில் உள்ள தரக் குறிப்புகள். நெல்லுக்கான சான்று விதைத் தரத்தின்படி புறத்தூய்மை குறைந்தது 98 சதவீதம், முளைப்புத்திறன் குறைந்தது 80 சதவீதம், ஈரப்பதம் அதிகபட்சம் 13 சதவீதம் இருக்க வேண்டும். ஆங்கிலத்தில் புறத்தூய்மை 'ஃபிசிக்கல் பியூரிட்டி'. அந்த 98 பங்கு விதை 'பியூர் சீட்'. மீதியாக அதிகபட்சம் 2 சதவீதம் வரை வரலாம் என்று விட்டிருப்பது 'இனர்ட் மேட்டர்', அதாவது கல், மண், பதர், வைக்கோல் துணுக்கு போன்றவை.

இங்கே ஒரு சிறு கணக்கு. 30 கிலோ மூட்டையில் இப்படிப்பட்ட பொருள் எவ்வளவு வரை இருக்கலாம்? 600 கிராம். "அப்படியென்றால் பியூர் என்று எப்படி டீச்சர் சொல்லலாம்?" என்ற கேள்வி எழும். எழாவிட்டால் நாமே எழுப்ப வேண்டும். 'பியூர்' என்பது அளக்கக்கூடிய சொல்; எவ்வளவு பியூர் என்று கேட்கலாம்; அதனால்தான் ஆங்கிலத்தில் 'பியூரர்', 'பியூரஸ்ட்' என்ற ஒப்பீட்டு வடிவங்களும் அதற்கு உண்டு. இலக்கண விதியாகச் சொல்லும்போது மறந்துபோகும் இந்தச் செய்தி, 600 கிராம் பதரோடு சொன்னால் மறப்பதில்லை.

அடுத்த கட்டத்தில் மூன்று விதைகளைக் கற்பனை செய்யச் சொல்கிறேன்.

முதல் விதை: களத்திலிருந்து நேராக வந்தது, தூசும் மண்ணும் ஒட்டியிருக்கிறது, ஆனால் அத்தனை மணியும் ஆடுதுறை 43. ரகம் என்ற அளவில் இது பியூர், கிளீன் இல்லை.

இரண்டாம் விதை: தூற்றிச் சலித்துப் பளபளவென்று இருக்கிறது, ஆனால் அறுவடை இயந்திரத்தில் முந்தைய வயலின் நெல் தங்கியிருந்து இதோடு சேர்ந்துவிட்டது. இது கிளீன், பியூர் இல்லை.

மூன்றாம் விதை: தூசும் இல்லை, வேறு ரகமும் இல்லை. ஆனால் பழையது, முளைக்காது. இது கிளீன், பியூர் இரண்டும்தான். ஆனாலும் விதைக்க உதவாது.

மூன்றாவது விதை முக்கியமானது. 'பியூர்' என்றால் 'நல்லது' என்று பொருள் கொள்வது பெரியவர்களிடமும் இருக்கும் பழக்கம். அட்டையில் தூய்மைக்கு ஓர் எண்ணும் முளைப்புக்கு வேறோர் எண்ணும் தனித்தனியே இருப்பதே அது வேறு, இது வேறு என்பதற்குச் சாட்சி.

இரண்டாவது விதையின் கதை விவசாயக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கே தெரியும். பார்வைக்கு ஒன்றும் தெரியாது. நாற்று விட்டு, நட்டு, கதிர் வரும் சமயத்தில்தான் சில பயிர்கள் மட்டும் உயரமாகவோ முன்னதாகவே பூத்தோ நிற்கும். அதுதான் கலவன். விதைக்காக விட்ட வயலில் இறங்கிக் கலவன் பிடுங்குவதைப் பார்த்த மாணவர்களிடம் 'ஜெனடிக் பியூரிட்டி' என்பதற்கு விளக்கம் கேட்டால், நம்மைவிட நன்றாகச் சொல்வார்கள். இனத்தூய்மை என்பதே அதன் தமிழ்ப் பெயர். ஒரு சொல்லைச் சரியாகப் படிக்கத் தெரிந்திருப்பது ஒரு போகத்தின் விளைச்சலோடு தொடர்புடையது என்று அவர்கள் உணரும் இடம் இது.

ஆற்று நீருக்கு எத்தனை பெயரடை

விதைக்கு அடுத்தபடியாக நீர். மேட்டூர் திறந்து காவிரியிலும் வாய்க்கால்களிலும் முதல் தண்ணீர் வரும் காட்சியை விவரிக்கச் சொல்கிறேன். செம்மண் நிறத்தில் நுரையும் சருகுமாக வரும். அந்தத் தண்ணீரை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது?

'கிளியர்' என்றால் தெளிந்தது. கண்ணுக்கு அடி தெரிவது. புதுத் தண்ணீர் கிளியர் இல்லை. 'கிளீன்' என்றால் அழுக்கற்றது. 'சேஃப்' என்றால் குடித்தால் தீங்கு செய்யாதது. 'பியூர்' என்றால் வேறு பொருள் கலக்காதது. 'ஹோலி' அல்லது 'சேக்ரட்' என்றால் புனிதமானது. ஆடிப்பெருக்கன்று கலங்கிய நீருக்குத்தான் மஞ்சளும் காதோலை கருகமணியும் வைத்துப் படைக்கிறோம். அது மக்களுக்கு 'ஹோலி'. அந்த நேரத்தில் 'கிளியர்' இல்லை.

அறிவியல் ஆசிரியரோடு சேர்ந்து நடத்தினால் இந்தப் பகுதி இன்னும் சிறக்கும். வேதியியலில் தூய பொருள் என்பது தனிமம் அல்லது சேர்மம். ஒரே வகைத் துகள்களால் ஆனது. அந்தக் கணக்கில் வாலைவடி நீர் பியூர். குழாயில் வரும் குடிநீரில் தாது உப்புகளும் கிருமி நீக்கும் குளோரினும் கரைந்திருப்பதால் அது ஒரு கலவை, ஆனால் 'சேஃப்'. மறுபுறம், கிளியராகத் தெரியும் நீரில் கண்ணுக்குத் தெரியாத கிருமிகள் இருக்கலாம். 'கிளியர்' என்பதைப் பார்த்துச் 'சேஃப்' என்று முடிவு செய்யக் கூடாது என்பது ஆங்கிலப் பாடத்தைத் தாண்டியும் பிள்ளைகளுக்குத் தேவையான அறிவு.

கலவை என்றால் மட்டம் என்ற எண்ணத்தையும் இங்கேயே களைந்துவிடலாம். சுவாமிமலையில் வார்க்கும் படிமங்கள் உலோகக் கலவையால் ஆனவை. நகைக்கடைத் தங்கமும் அப்படியே. 24 காரட்தான் பியூர் கோல்ட். அது மிக மென்மையானது என்பதால் செம்பு போன்றவற்றைச் சேர்த்து 22 காரட்டாக்கி நகை செய்கிறார்கள். 22ஐ 24ஆல் வகுத்தால் 0.916, நகையில் பொறித்திருக்கும் 916 அதுதான். நம் முன்னோர் உரைகல்லில் மாற்றுப் பார்த்து, 'பத்தரை மாற்றுத் தங்கம்' என்று தூய்மைக்கு எண் கொடுத்தார்கள். பியூர் என்ற சொல்லோடு ஓர் அளவு சேர்ந்து வருவது நமக்குப் புதிதன்று.

பொட்டலத்தில் அந்தச் சொல்

உணவுப் பொட்டலங்களில் இந்தச் சொல்லை விருப்பம்போல அச்சிடக் கூடாது. உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணய ஆணையம் 2018இல் வெளியிட்ட விளம்பரம், உரிமைகோரல் தொடர்பான விதிமுறைகளில் 'பியூர்' என்ற சொல்லுக்கே நிபந்தனை இருக்கிறது. வேறு எதுவும் சேர்க்கப்படாத, ஒரே மூலப்பொருளால் ஆன உணவுக்குத்தான் அந்தச் சொல் பொருந்தும். பல பொருள் சேர்ந்த உணவை அப்படி அழைக்க முடியாது. நாம் வகுப்பில் கேட்கும் 'எது கலக்கவில்லை?' என்ற கேள்வியைத்தான் சட்டமும் கேட்கிறது. வீட்டிலிருக்கும் காலிப் பொட்டலங்களைக் கொண்டுவரச் செய்து, எதில் அந்தச் சொல் வருகிறது, மூலப்பொருள் பட்டியலில் எத்தனை பெயர்கள் இருக்கின்றன என்று ஒப்பிடச் சொல்லுங்கள். ஆங்கில வாசிப்பும் நுகர்வோர் விழிப்புணர்வும் ஒன்றாக நடக்கும்.

பாலில் தண்ணீர் கலந்தால்? கலந்த தண்ணீர் கிளீனாக இருக்கலாம், பாத்திரமும் கிளீனாக இருக்கலாம். பால் பியூர் இல்லை. ஒரே வரியில் பாடத்தை மீள்பார்வை செய்ய இதைவிடச் சுருக்கமான எடுத்துக்காட்டு எனக்குக் கிடைக்கவில்லை.

'முழுக்க முழுக்க' என்னும் பொருள்

ஒன்பது, பத்தாம் வகுப்புகளுக்கு இன்னொரு படி மேலே போகலாம். 'பியூர் லக்', 'பியூர் சான்ஸ்', 'பியூர் ஜாய்' ஆகியவற்றில் 'பியூர்' என்பது 'வெறும்', 'முழுக்க முழுக்க' என்ற பொருளில் வருகிறது. 'இட் வாஸ் பியூர் லக்' என்றால், அதில் திறமையோ திட்டமோ கலக்கவில்லை, அதிர்ஷ்டம் மட்டுமே. கலப்பின்மை என்ற அடிப்படைப் பொருள் இங்கும் மாறவில்லை. ஆனால் இலக்கணத்தில் ஒரு வேறுபாடு உண்டு. 'தி மில்க் இஸ் பியூர்' என்று பெயர்ச்சொல்லுக்குப் பின்னாலும் வைக்கலாம். 'தி லக் வாஸ் பியூர்' என்று சொல்வதில்லை. இந்தப் பொருளில் அது பெயர்ச்சொல்லுக்கு முன்னால் மட்டுமே வரும்.

இதன் வினையடை 'பியூர்லி'. அரசு ஆணைகளிலும் வேலை அறிவிப்புகளிலும் 'பியூர்லி டெம்பரரி' என்ற தொடரை நாம் அனைவரும் பார்த்திருக்கிறோம். பள்ளிப் படிப்பு முடித்து விண்ணப்பம் நிரப்பப்போகும் மாணவருக்கு அதன் பொருள் தெரிய வேண்டும். அந்தப் பணி முழுக்க முழுக்கத் தற்காலிகமானது, நிரந்தரம் என்பதன் சாயல்கூட அதில் இல்லை என்பதே அதன் பொருள். இந்த ஒரு சொல்லைக் கவனிக்காமல் கையெழுத்திட்டு, பின்னர் நிரந்தரமாகும் என்று காத்திருப்பவர்கள் உண்டு.

சொல் குடும்பத்தையும் இத்துடன் கொடுத்துவிடலாம். பெயர்ச்சொல் 'பியூரிட்டி'. வினைச்சொல் 'பியூரிஃபை'. செயலைக் குறிப்பது 'பியூரிஃபிகேஷன்'. கருவி 'பியூரிஃபையர்'. எதிர்ச்சொல் 'இம்பியூர்'. வீடு பெருக்குவதற்கு 'பியூரிஃபை' வராது. அது 'கிளீன்' அல்லது 'ஸ்வீப்'. உச்சரிப்பில் ஓர் எச்சரிக்கை: 'பி' ஒலியை அடுத்து ஒரு யகர ஒலி வர வேண்டும். அதை விட்டுப் 'பூர்' என்றால் ஏழை என்றாகிவிடும். 'பியூர் வாட்டர்', 'பூர் வாட்டர்' இரண்டையும் மாற்றி மாற்றிச் சொல்லப் பழக்கினால் காது பிடித்துக்கொள்ளும்.

தமிழில் ஒரு நேர்ச்சொல்

'பியூர்' என்பதன் கலப்பின்மைப் பொருளுக்குத் தமிழில் அருமையான ஒரு சொல் இருக்கிறது: 'தனி'. 1916இல் மறைமலையடிகள் தொடங்கிய இயக்கத்தை ஆங்கிலத்தில் 'பியூர் டமில் மூவ்மென்ட்' என்கிறார்கள். தமிழில் நாம் அதற்கு வைத்த பெயர் 'தனித்தமிழ் இயக்கம்'. பிறமொழி கலவாமல் தனித்து நிற்பது என்று பொருள். அடிகள் பிறந்தது நாகப்பட்டினத்தை ஒட்டிய பகுதியில். நம் டெல்டா மண்ணுக்குரியவர். வேதாசலம் என்ற தம் பெயரையே மறைமலை என்று மாற்றிக்கொண்டவர். வேதியியலில் வேறு எதுவும் சேராத அடிப்படைப் பொருளுக்குத் 'தனிமம்' என்று பெயரிட்டதிலும் இதே 'தனி' இருக்கிறது. தமிழாசிரியரும் அறிவியல் ஆசிரியரும் ஆங்கில ஆசிரியரும் ஒரே சொல்லைப் பற்றி ஒரே வாரத்தில் பேச இது நல்ல வாய்ப்பு.

மனிதருக்கு அந்தச் சொல் பொருந்துமா?

எதிர்ச்சொல் நடத்திய ஒருநாள் ஒரு மாணவி கேட்டாள்: "பியூர் வெஜ் ஹோட்டல்னா, நான்-வெஜ் சாப்பிடுறவங்க இம்பியூரா டீச்சர்?" வகுப்பில் பேச்சு நின்றது. இந்தக் கேள்வியைத் தாண்டிப் போயிருந்தால் அதுவரை நடத்தியதெல்லாம் வீண்.

விடையை மொழியிலிருந்தே தொடங்கினேன். அந்தப் பலகையில் 'பியூர்' என்ன சொல்கிறது? அங்கே சமைப்பது சைவம் மட்டும், அசைவம் கலக்கவில்லை. அவ்வளவுதான். அது ஒரு சமையலறையைப் பற்றிய தகவல். அதற்கு எதிர்ப்பதம் 'இம்பியூர்' இல்லை. 'சைவம், அசைவம் இரண்டும் கிடைக்கும்' என்பதே. ஒரு சொல்லுக்கு எந்தப் பொருளில் வந்திருக்கிறது என்று பார்த்துத்தான் எதிர்ச்சொல் தேட வேண்டும்.

பிறகு விதை அட்டையை மறுபடி எடுத்தேன். விதைக்குத் தூய்மை உண்டு. அதை அளக்க ஆய்வகம் உண்டு, எண் உண்டு, 1966ஆம் ஆண்டு விதைச் சட்டம் உண்டு. தங்கத்துக்கு உண்டு, பாலுக்கு உண்டு. மனிதருக்கு? எதை எதிலிருந்து பிரித்து அளப்பது? பிறப்பால் ஒருவரைத் தூயவர், தூய்மையற்றவர் என்று பிரித்த பழக்கம் இந்த மண்ணிலும் இருந்தது. தெருவும் குளமும் குவளையும் அந்தச் சொல்லைக் காட்டியே பிரிக்கப்பட்டன. அரசமைப்புச் சட்டத்தின் 17ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்து, அதைக் கடைப்பிடிப்பதைக் குற்றமாக்கியது. நம் பாடநூல்களின் முன்பக்கத்திலும் தீண்டாமைக்கு எதிரான வாசகம் அச்சாகியிருக்கிறது. அந்தப் பக்கத்தைத் திறந்து மாணவர்களையே படிக்கச் சொன்னேன்.

மனிதரைப் பற்றி 'எ பியூர் ஹார்ட்' என்று சொல்கிறோமே என்றால், அங்கே பேசுவது குணத்தை. வஞ்சகம் கலக்காத மனம். திருவள்ளுவரும் உடலின் தூய்மைக்கு நீரையும் உள்ளத்தின் தூய்மைக்கு வாய்மையையும்தான் சொன்னார். பிறப்பை எங்கும் சொல்லவில்லை. கேள்வி கேட்ட மாணவி அன்று தன் ஏட்டில் எழுதிக்கொண்ட வாக்கியம்: 'சீட்ஸ் கேன் பி இம்பியூர். பீப்பிள் கேனாட்.' இலக்கணமும் சரி, பொருளும் சரி.

வகுப்பறைக்கு நான்கு செயல்பாடுகள்

1. அட்டைச் சேகரிப்பு: விதை அட்டை, பால் உறை, நெய்ப் பொட்டலம், துணியின் விவரச் சீட்டு ஆகியவற்றில் 'பியூர்' அல்லது 'பியூரிட்டி' வரும் இடத்தை வட்டமிட்டு, 'எது கலக்கவில்லை?' என்ற கேள்விக்கு ஒரு வரியில் விடை எழுதுதல். ஆறாம் வகுப்பு முதல் செய்யலாம்.

2. சொல் தேர்வு: சட்டை, வானம், பட்டு, குடிநீர், தெரு, தங்கம், குரல், கை ஆகிய எட்டுக்கும் கிளீன், கிளியர், சேஃப், பியூர் ஆகியவற்றில் பொருந்துவதைச் சேர்த்தல். சட்டை, தெரு, கை ஆகியவற்றுக்குக் கிளீன், வானம், குரலுக்குக் கிளியர், குடிநீருக்குச் சேஃப், பட்டு, தங்கத்துக்குப் பியூர். ஒன்றுக்கு மேற்பட்ட விடை சொல்லும் மாணவரிடம் காரணம் கேளுங்கள். காரணம் சரியென்றால் மதிப்பெண் கொடுங்கள்.

3. மொழிபெயர்ப்பு: 'சுத்தம்' வரும் பத்துத் தமிழ் வாக்கியங்களை, அந்தச் சொல்லின் பொருளை முதலில் தமிழிலேயே வேறு சொல்லால் மாற்றி எழுதிய பிறகு ஆங்கிலமாக்குதல். இடையில் உள்ள இந்தத் தமிழ்ப் படிதான் பிழையைத் தடுக்கிறது.

4. வாய்மொழிப் பயிற்சி: இணை இணையாக அமர்ந்து, ஒருவர் 'இஸ் இட் பியூர்?' என்றும் மற்றவர் 'ஃப்ரீ ஃப்ரம் வாட்?' என்றும் கேட்டு விடை சொல்லுதல். மெல்லக் கற்போரும் இதில் தயங்காமல் பேசுகிறார்கள்.

இவை அனைத்துக்கும் இரண்டு பாடவேளைகள் போதும். செலவு எதுவும் இல்லை. நெல் விளையாத மாவட்டத்து நண்பர்கள் பருத்தி, தேயிலை, தேன், உப்பு என்று உங்கள் ஊர்ப் பொருளை எடுத்துக்கொள்ளலாம். சம்பா நடவுக்கு விதை வாங்கும் நாட்களில் இந்தப் பாடத்தை வைத்துக்கொண்டால், டெல்டாப் பள்ளிகளில் அட்டைக்குப் பஞ்சமிருக்காது. பாடம் முடிந்ததும் அட்டைகளை மறக்காமல் வீட்டுக்குத் திருப்பிக் கொடுத்தனுப்புங்கள். முளைப்பில் குறை இருந்தால் விவசாயி கையில் இருக்கும் சான்று அந்த அட்டைதான்.